செமி ஹாலோ கிட்டாரில் ராக் வாசித்தவர்கள் உண்டா? என் கதை இது

பதினைந்து வருடமாக சாலிட் பாடி, அதாவது உடல் முழுக்கக் கட்டையான எலக்ட்ரிக் கிட்டாரைத் தவிர எதையும் தொடாதவன் நான். போன வருடம் ஆசை வந்து, கிப்சனின் 335 வடிவத்தில் ஒரு பழைய செமி ஹாலோ, அதாவது உடல் பாதி கூடான கிட்டார் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாமே. கடையில் ஏசி அறை, சின்ன ஆம்ப், ஸ்டூலில் உட்கார்ந்து கிளீன் டோனில் நாலு கார்டு. நெக் பிக்கப்பில் (கழுத்துப் பக்கம் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) ஒவ்வொரு சுரமும் உருண்டு உருண்டு வந்தது. அங்கேயே பணத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

வினை அந்த வாரம் ஜாம் ரூமில்தான். ஆம்ப் முதுகுக்குப் பின்னால் நாலடியில். கெயினை (ஒலியைக் கரகரக்க வைக்கும் குமிழ்) வழக்கமான இடத்துக்குத் திருப்பி, ஒரு ஏ கார்டு அடித்துவிட்டுக் கையை எடுத்தேன். கிட்டார் தானாகவே ஊளையிட ஆரம்பித்தது. ஆம்பின் சத்தமே கிட்டாரை மறுபடி அதிரவைக்கும் ஃபீட்பேக் அது. கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கியும் நிற்கவில்லை. பாடியே அதிர்ந்தது, வயிற்றில் அது தெரிந்தது. பாஸ் வாசிப்பவன் அன்று சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

1958இல் கிப்சன் இஎஸ்-335ஐக் கொண்டுவந்தபோது இந்தத் தொல்லைக்குத்தான் ஒரு வழி செய்தார்கள். பக்கங்கள் இரண்டும் கூடு, நடுவில் நெடுக ஒரு மேப்பிள் கட்டை. பிக்கப்பும் பிரிட்ஜும் அந்தக் கட்டையின் மேல் உட்காருவதால் மேல்பலகை ட்ரம் தோல் மாதிரி துள்ளுவது குறையும். குறையுமே தவிர, போகாது. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கெயினை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன், ஆம்பில் பேஸையும் இறக்கினேன், ஆம்புக்குப் பக்கவாட்டில் நின்றேன். ஊளை அடங்கியது. அப்புறம் ஒரு சோலோவில் ஜி கம்பியின் ஏழாவது ஃப்ரெட்டில் பிடித்த சுரம் சாகாமல் நின்று, மெல்ல ஒரு ஸ்தாயி மேலே ஏறியது. ஆம்பை நோக்கி லேசாகத் திரும்பினால் வருகிறது, விலகினால் போய்விடுகிறது. என் சாலிட் பாடியில் இதை வரவழைக்க வேண்டுமானால் காது கிழியும் அளவுக்குச் சத்தம் வைக்க வேண்டும்.

அதனால் வாங்கப் போகிறவர்கள் உட்கார்ந்து வாசித்துப் பார்க்காதீர்கள். உங்கள் டிஸ்டார்ஷன் பெடலைக் கொண்டுபோங்கள், பெரிய ஆம்ப் கேளுங்கள், எழுந்து நின்று அதைப் பார்த்துத் திரும்பி, கம்பியிலிருந்து கையை எடுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. ஃபீட்பேக் எவ்வளவு வேகமாக வருகிறது, பாடுகிறதா அலறுகிறதா என்று கேளுங்கள். பாம் மியூட்டும், அதாவது உள்ளங்கை ஓரத்தைக் கம்பியில் வைத்தபடி, அடித்துப் பாருங்கள். தடித்த இ கம்பியில் சாலிட் பாடியின் அந்த ‘டக்’ கிடைக்காது, கொஞ்சம் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். மெட்டல் ஆட்களுக்கு இது ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ராக்குக்கே ஆகாது என்று யாராவது சொன்னால், 1969 உட்ஸ்டாக் இசை விழாவில் ராக் கிட்டாரிஸ்ட் ஆல்வின் லீ கையில் இருந்தது 335தான் என்று சொல்லுங்கள்.

*

மேலே எழுதியவருக்கு என் பதில்: நான் ஏமாந்தது வேறு விதம். வெளியே பார்த்தால் அச்சு அசல் 335. வீட்டுக்கு வந்து மேல்பலகையில் எஃப் வடிவில் வெட்டியிருக்கும் ஓட்டைக்குள் டார்ச் அடித்தால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒன்றுமே இல்லை! 1961இல் வந்த எபிஃபோன் காசினோவும் இப்படித்தான், நடுக்கட்டை கிடையாது. பீட்டில்ஸில் லெனன், ஹாரிசன், மெக்கார்ட்னி மூவருமே அதை வைத்திருந்தார்கள், அருமையான கிட்டார். ஆனால் அதன் நகலை வைத்துக்கொண்டு ஹை கெயின் வாசிக்கப் போனால் என் கதிதான். டார்ச் இல்லையென்றால் பிக்கப்புகளுக்கு நடுவே விரல் முட்டியால் தட்டுங்கள். கதவுச் சட்டத்தைத் தட்டுவது போல மந்தமாகக் கேட்டால் கட்டை இருக்கிறது.

இப்போது எஃப் ஓட்டை இரண்டிலும் ஸ்பாஞ்ச் அடைத்துத்தான் ஓட்டுகிறேன். பார்க்க அசிங்கம், ஆனால் வேலை செய்கிறது. ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி. பி. கிங் பெயரில் 1980இல் வந்த லூசில் மாடலில் எஃப் ஓட்டையே கிடையாது, காரணம் இந்த ஃபீட்பேக்தான்.

*

நான் மூன்றாவது ஆள், என்னுடையதும் செமி ஹாலோதான். ஃபீட்பேக்கோடு நான் சமாதானமாகிவிட்டேன். என் புலம்பல் கேபிளைச் செருகும் ஜாக் பற்றி. ஷோவுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அதைப் பிடித்திருக்கும் நட் கழன்று, ஜாக் உள்ளே விழுந்துவிட்டது. சாலிட் பாடியில் பின்மூடியைத் திறந்தால் முடிந்தது. இதில் மூடியே இல்லை, எல்லாம் எஃப் ஓட்டை வழியாகத்தான். பழைய சன்ன இ கம்பியை ஜாக் துளைக்குள் விட்டு, எஃப் ஓட்டை வழியே வெளியே எடுத்து, ஜாக்கைக் குலுக்கிக் குலுக்கி அங்கே வரவைத்து, கம்பியில் கட்டி மெதுவாக இழுத்தேன். மூன்றாவது தடவைதான் துளையில் வந்து உட்கார்ந்தது. வாஷர் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது, கிட்டாரைச் சாய்த்தால் சலங்கை மாதிரி சத்தம் வரும்.

முதலில் எழுதிய நண்பரே, உங்களுடையதும் பழைய கிட்டார்தானே? அந்த நட்டை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.