பேரப்பிள்ளைகளுக்குப் பனை நாள்: புதுப்பிப்பு

மே விடுமுறையில் குடும்பம் கூடும்போது ஒரு காலைப்பொழுதைப் பனைக்கென்றே ஒதுக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். நுங்கு வண்டியும் ஓலைக் காற்றாடியும்தான் திட்டம். “வண்டி உருளவே மாட்டேங்குது” என்று சிலர் கேட்டதால் இது.

கோளாறு பெரும்பாலும் அச்சில்தான். நுங்கைத் தின்றபின் மிஞ்சும் காய்க்கூடுதான் கூந்தல். ஒரே அளவுள்ள இரண்டு கூந்தல்களை எடுங்கள். ஒன்று பெரிதானால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். அச்சாகும் ஒன்றரைச் சாண் குச்சியின் இரு முனையையும் கூர்சீவி, கூந்தலின் நடுவில் இறுக்கிச் செருகுங்கள். கூந்தலும் குச்சியும் சேர்ந்தே சுழலணும். தள்ளும் கவைக்கம்பு (நுனி இரண்டாகப் பிரிந்த கம்பு) அச்சில் தளர்வாக உட்கார்ந்தால் போதும், கட்டக் கூடாது. வெயிலில் கிடந்தால் கூந்தல் சுருங்கிக் குச்சி கழன்றுவிடும். ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.

காற்றாடிக்குக் குருத்தோலைதான் சரி, முற்றிய ஓலை மடிக்கும்போதே பிளக்கும். காற்றாடி சுழல முள் குத்தும் துளை கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.

பனைமட்டையின் ஓரத்தில் ரம்பம் போலிருக்கும் கருக்கைப் பெரியவர்கள் முன்னாடியே சீவிவிடணும். இதில் மட்டும் சலுகையே கிடையாது. அஞ்சு வயசுக்குக் கீழே உள்ளதுகள் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து நுங்கு தின்னட்டும், பழைய சட்டையோடு. நுங்குக் கறை லேசில் போகாது.