‘இயக்கநாள்’: நள்ளிரவைத் தாண்டும் அட்டவணைக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

போக்குவரத்து அட்டவணை மென்பொருளின் தமிழாக்கத்தில் ‘சர்வீஸ் டே’ என்பதைச் ‘சேவை நாள்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்ற பரிந்துரைக்கு என்னால் உடன்பட இயலவில்லை. இரவு முழுவதும் வண்டி ஓடும் நகரங்களில் அந்த ஆங்கிலச் சொல் சுட்டுவது, நாட்காட்டித் தேதி மாறிய பின்னும் முடியாமல் நீளும் ஒரு நாளை. ‘சேவை நாள்’ என்றாலோ தொண்டு செய்யும் நாளும், சேவை உண்டா இல்லையா என்ற கேள்வியும்தான் முதலில் மனத்தில் எழுகின்றன.

லண்டனில் 2016 ஆகஸ்டில் தொடங்கிய ‘நைட் டியூப்’ சுரங்க ரயில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் ஓடுகிறது. வெள்ளி இரவு ஒன்றரை மணிக்கு வரும் ரயில் தேதிப்படி சனிக்கிழமைக்கு உரியதாயினும், அது வெள்ளிக்கிழமை அட்டவணையின் தொடர்ச்சியே. அதனால்தான் ஜிடிஎஃப்எஸ் என்னும், போக்குவரத்து அட்டவணைகளுக்கான பொதுத் தரவு வடிவத்தில் அந்த நேரத்தை, வெள்ளிக்கிழமைக்குக் கீழேயே, 24 மணிக்குப் பின்னும் எண்ணிக்கையைத் தொடர்ந்து, 25:30:00 என்று எழுதுகிறார்கள். இதைப் பிழையென்று கருதி 01:30:00 எனத் திருத்திவிட்டால், அந்த ரயில் சரியாக ஒரு நாள் முன்னதாக, வெள்ளி அதிகாலைக்குப் போய்விடும்.

இம்முறையின் அருமை அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய சனி இரவில் நன்கு விளங்கும். பிரிட்டனில் அன்றிரவு இரண்டு மணியானதும் கடிகாரத்தை ஒரு மணிக்குப் பின்தள்ளுவதால், ஒன்றரை மணி இருமுறை வருகிறது; அட்டவணையிலோ முதலாவது 25:30, இரண்டாவது 26:30 என்று குழப்பமின்றிப் பிரிந்து நிற்கின்றன. நியூயார்க் சுரங்க ரயில் எல்லா இரவும் ஓடுவதால், அங்கே நாளைப் பிரிக்க இயல்பான இடைவெளிகூடக் கிடையாது. எல்லையை நாமே வகுக்க வேண்டியிருக்கிறது.

எனவே ‘இயக்கநாள்’ என்பதை முன்மொழிகிறேன். ‘பேருந்துகள் இயக்கப்படும்’ என்று அறிவிப்புகளில் நாள்தோறும் படிக்கிறோமாதலால் பொருள் உடனே பிடிபடும். ‘இயக்கம்’ அரசியல் அமைப்பையும் குறிக்குமே என்ற தடை எழலாம். அட்டவணைத் திரையில் அந்த மயக்கத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நடத்துநர்கள் ‘கடைசி நடை’ என்று சொல்வதைக் கொண்டு ‘நடைநாள்’ ஆக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஆனால் ‘நடை’யைத் தனி ஓட்டத்துக்கு, அதாவது ‘டிரிப்’புக்கு, ஒதுக்கி வைப்பதே நல்லது.

பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயம் வரை நீள்வதாலும், ‘வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி’ என்பதை இன்றும் நாம் வெள்ளியின் பின்னிரவாகவே கொள்வதாலும், கருத்து தமிழருக்குப் புதிதன்று. ஆகவே, அட்டவணை தயாரிப்போரின் திரையில் ‘வெள்ளி இயக்கநாள், 25:30’ என்றும், பயணிகளின் திரையில் ‘வெள்ளி இரவு 1:30 (சனி அதிகாலை)’ என்றும் காட்டலாம் என்பது என் பரிந்துரை. மறுப்பிருப்பின், மாற்றுச் சொல்லை இதே எடுத்துக்காட்டில் பொருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன்.