பிரவுசரில் எக்ஸ்எம்எல், கர்லில் ஜேசன்: ஒரே முகவரி ஏன் இரண்டு விதமாகப் பதில் தருகிறது?

கேட்டவர்:
வணக்கம். எங்கள் பொருள் பட்டியல் சர்வீஸ் ஸ்பிரிங் பூட்டில் எழுதியது. இரண்டு வருடமாக ஜேசன் வடிவில் மட்டும்தான் தகவலைக் கொடுத்துவந்தது. போன வெள்ளிக்கிழமை புதிய வெர்ஷனை ஏற்றியதிலிருந்து, அதே முகவரியை குரோமில் திறந்தால் <லிஸ்ட்><ஐட்டம்> என்று எக்ஸ்எம்எல் வருகிறது. கமாண்ட் லைனில் கர்ல் மூலம் கேட்டால் பழையபடி ஜேசன். இந்தச் சர்வீஸை நேரடியாகக் கூப்பிடும் பில்லிங் சர்வீஸ், எதிர்பாராத எழுத்து '<', கோடு 60 (அந்த எழுத்தின் குறியீட்டு எண்) என்று சொல்லி ஒவ்வொரு முறையும் விழுகிறது. மொபைல் ஆப்பில் சில நேரம் மட்டும் பட்டியல் காலியாக இருக்கிறது.

முகவரிக்குப் பதில் தரும் கன்ட்ரோலர் கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை. டிஃபால்ட் கன்டென்ட் டைப்பை ஜேசன் என்று கான்ஃபிகரேஷனில் எழுதியும் பார்த்தேன், பலனில்லை. மூன்று நாளாக இதிலேயே இருக்கிறேன்.

பதில் 1:
கன்ட்ரோலரை விடுங்கள். நூலகங்களைப் பட்டியலிடும் பாம் கோப்பில் புதிதாக ஏதாவது சேர்த்தீர்களா?

கேட்டவர்:
ஆமாம். கூரியர்காரர்கள் டெலிவரி நிலவரத்தை எக்ஸ்எம்எல்லில்தான் அனுப்புகிறார்கள். அதைப் படிக்க ஜாக்சனின் எக்ஸ்எம்எல் நூலகத்தைச் சேர்த்தேன். ஆனால் அது வேறு கிளாஸில் இருக்கிறதே?

பதில் 1:
அதுதான் காரணம். அந்த நூலகம் கிளாஸ்பாத்தில் (ஜாவா நூலகங்களைத் தேடும் இடத்தில்) இருந்தாலே போதும், பதிலை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் கன்வெர்ட்டரையும் ஸ்பிரிங் தானாகச் சேர்த்துக்கொள்ளும். அதுவரை உங்கள் சர்வீஸுக்கு ஜேசன் ஒன்றுதான் தெரியும், யார் எதைக் கேட்டாலும் அதுதான் போகும். இப்போது இரண்டு தெரியும். அதனால் எந்த வடிவம் வேண்டும் என்று கேட்பவர் சொல்லும் அக்செப்ட் ஹெடரைப் பார்த்து முடிவெடுக்கிறது.

குரோம் அனுப்பும் ஹெடரை டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதியில் பாருங்கள். டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல் முதலில் இருக்கும். கொஞ்சம் தள்ளி அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்;க்யூ=0.9, கடைசிப் பக்கம் */*;க்யூ=0.8. க்யூ என்பது விருப்ப அளவு, அதிகமாக இருப்பதற்கே முன்னுரிமை. ஜேசன் என்ற பெயரே அதில் இல்லை. ஹெச்டிஎம்எல் உங்களிடம் கிடையாது. எக்ஸ்எம்எல்லுக்கு 0.9, "எதுவானாலும் சரி" என்பதற்கு 0.8. ஆகவே எக்ஸ்எம்எல் ஜெயிக்கிறது. கர்ல் வெறும் */* அனுப்புகிறது, அதற்கு ஜேசன் போகிறது.

டிஃபால்ட் கன்டென்ட் டைப் ஏன் பலிக்கவில்லை என்றால், அக்செப்ட் ஹெடரே இல்லாதபோதும், அல்லது */* மட்டும் இருக்கும்போதும்தான் ஸ்பிரிங் அதைப் பார்க்கும். பலரும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த முகவரி ஜேசன் மட்டும்தான் தரும் என்று சொல்ல, கன்ட்ரோலரின் கெட்மேப்பிங்கில் ப்ரொட்யூசஸ் என்று அப்ளிகேஷன்/ஜேசனை எழுதிவிடுங்கள். குரோமுக்கும் */* வழியாக ஜேசனே போகும். எக்ஸ்எம்எல் மட்டும்தான் வேண்டும் என்று கேட்பவருக்கு 406 (கேட்ட வடிவம் இல்லை என்ற பிழை) கிடைக்கும். அது நேர்மையான பதில்தான்.

பதில் 2:
பில்லிங் சர்வீஸில், மற்ற சர்வீஸைக் கூப்பிடும் ரெஸ்ட்டெம்ப்ளேட்டை நியூ போட்டு நேரடியாக உருவாக்குகிறீர்களா? அங்கேயும் அதே நூலகம் இருக்கிறதா? அப்படியானால் அது அனுப்பும் அக்செப்ட் ஹெடரில் எக்ஸ்எம்எல் முதலிலும் ஜேசன் பிறகும் இருக்கும். இரண்டுக்கும் மதிப்பு சமம் என்றால் ஸ்பிரிங் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். கூப்பிடும் இடத்தில் அக்செப்ட் ஹெடரை நீங்களே ஜேசன் என்று வைத்துவிடுங்கள். எதிர்ப்பக்கம் என்ன மாறினாலும் உங்களைப் பாதிக்காது.

கேட்டவர்:
இரண்டும் அப்படியேதான். பொதுவான மாட்யூலில் அந்த நூலகத்தைச் சேர்த்ததால் பில்லிங்கிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் திருத்தினேன், கோடு 60 பிழை போய்விட்டது. மிக்க நன்றி.

ஆனால் எனக்குச் சரியாக வருகிற அதே முகவரி, பக்கத்து மேஜையில் இன்னும் எக்ஸ்எம்எல்தான். ஆப்பும் ஹெடர் எதுவும் வைப்பதில்லை, அதற்கு ஏன் பட்டியல் காலியாக வந்தது?

பதில் 2:
நடுவில் பதில்களைச் சேமித்துவைக்கும் கேஷ் இருக்கிறதா?

கேட்டவர்:
சர்வீஸுக்கு முன்னால் எஞ்சின்எக்ஸ் சர்வர் இருக்கிறது. பதிலை 10 நிமிடம் வைத்துக்கொள்ளும்.

பதில் 2:
அப்போது ஆப்பின் கதையும் அதுதான். யாரோ ஒருவர் பிரவுசரில் திறந்தபோது வந்த எக்ஸ்எம்எல்லை எஞ்சின்எக்ஸ் சேமித்துவிட்டது. அடுத்து ஆப் அதே முகவரியைக் கேட்டதும் அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறது. கேஷுக்குத் தெரிந்தது முகவரி மட்டும்தானே. பதிலில் வேரி: அக்செப்ட் என்ற ஹெடர் இருந்திருந்தால், அக்செப்ட் வேறாக இருப்பவருக்கு அந்தப் பிரதியைக் கொடுத்திருக்காது. எஞ்சின்எக்ஸ் 1.7.7 முதல் இதை மதிக்கிறது.

இப்போது கேஷை அழியுங்கள். ஜேசன் மட்டும் தரும் முகவரிக்கு வேரி அவசியமில்லை.

கேட்டவர்:
அழித்தேன். பக்கத்து மேஜையிலும் ஜேசன், ஆப்பிலும் பட்டியல் வருகிறது. அடுத்த மாதம் கணக்கு மென்பொருளுக்காக இதே பட்டியலை எக்ஸ்எம்எல்லிலும் கேட்டிருக்கிறார்கள். ப்ரொட்யூசஸில் இரண்டையும் எழுதி, வேரி வைத்தால் போதுமா?

பதில் 1:
வேலை செய்யும். ஆனால் இரண்டையும் எழுதிய அன்றே குரோமில் மறுபடி எக்ஸ்எம்எல் தெரியும், பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிரவுசரின் அக்செப்ட்டும் ஒரு மாதிரி இருப்பதால் கேஷில் பிரதிகளும் பெருகும். வாங்குபவர் ஒரே ஒருவர் என்றால் நான் அவருக்குத் தனி முகவரியே கொடுத்துவிடுவேன்.

கேட்டவர்:
சரி, தனி முகவரியே வைக்கிறேன்.