ரங்கூன் உளுந்து ஆலை: விரிப்பதா, சுருக்குவதா, பூட்டுவதா?

லைங்தாயா மருமகன் (கேள்வி):

வணக்கம். ரங்கூனுக்கு மேற்கே லைங்தாயாவில் என் மாமனாருக்கு உளுந்து சுத்தம் செய்யும் ஆலை ஒன்று இருக்கிறது. ஆலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு சல்லடை இயந்திரங்கள், கல் பிரிக்கும் இயந்திரம் ஒன்று, சொத்தை பொறுக்கும் பதினெட்டுப் பெண்கள், ஒரு கிழட்டு ஜெனரேட்டர். அவ்வளவுதான். பெகு, ஐராவதிப் பக்கம் நெல் அறுத்த வயலில் விதைத்து மாசி, பங்குனியில் எடுக்கும் உளுந்தை வாங்கிச் சுத்தம் செய்து, பேயின்நாவுங் சந்தையில் ஏற்றுமதியாளர்களிடம் கொடுக்கிறோம். அங்கிருந்து பெரும்பாலும் சென்னைக்குக் கப்பல் ஏறுகிறது. தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் இன்று காலை தின்ற இட்லி எங்கள் கொட்டகையைத் தாண்டி வந்ததாகவும் இருக்கலாம்.

2021 தொடக்கத்தில் டாலருக்கு 1,330 கியாட் (பர்மா நாணயம்) அளவில் இருந்தது. 2024 இல் வெளிச்சந்தையில் 4,000 ஐத் தாண்டிவிட்டது. மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டால் அக்கம்பக்கத்தார் சிரிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, மூட்டை தூக்கிய ஆறு இளைஞர்களில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராகத் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் 2025 மார்ச் 28 நிலநடுக்கம். மண்டலேயில் எங்களிடம் கடனுக்குச் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒரு கடைக்காரரின் கட்டடம் விழுந்துவிட்டது. அவரிடம் நாற்பது லட்சம் நிற்கிறது.

வீட்டில் மூன்று பேர், மூன்று திட்டம். மாமா, "மூட்டையை விற்காதே, உள்ளே வை" என்கிறார். மைத்துனன், நிறம் பார்த்துப் பிரிக்கும் சார்டெக்ஸ் இயந்திரத்தைச் சீனாவிலிருந்து கடனுக்கு வாங்கலாம் என்கிறான். விலை 80,000 யுவான். என் மனைவி, "கொட்டகையை வாடகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்" என்கிறாள். கணக்கு எழுதுபவன் நான். புத்தகத்தின்படி சென்ற ஆண்டு இலாபம். ஆனால் இந்தப் பருவத்தில் வாங்கக் கையில் பணம் போதவில்லை. இது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு என்ன திட்டம் போடுவது?

சிங்கப்பூர்க் கணக்கர்:

நண்பரே, நான் ரங்கூனில் ஏழு ஆண்டுகள் கணக்குத் தணிக்கை செய்தவன். உங்கள் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. திட்டத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அளவுகோலை மாற்றுங்கள். கியாட்டில் எழுதும் கணக்கு உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் என்று நான் ஊகிக்கும் எண்களை வைத்துப் பாருங்கள். நூறு மூட்டை உளுந்து, மூட்டை 1,80,000 கியாட். ஒரு கோடியே எண்பது லட்சம். கழிவு போக 97 மூட்டை தேறுகிறது. 2,00,000 என்று விற்றால் ஒரு கோடியே 94 லட்சம். கூலியும் டீசலும் ஐந்து லட்சம். புத்தகம் ஒன்பது லட்சம் இலாபம் என்று சொல்லும், நீங்களும் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் பணம் நாற்பது நாள் கழித்து வருகிறது. அதற்குள் சுத்தம் செய்யாத சரக்கே 2,05,000 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் ஒரு கோடியே 89 லட்சத்துக்கு 92 மூட்டைதான் வாங்கலாம். அதாவது ஒன்பது லட்சம் "சம்பாதித்து" எட்டு மூட்டையைத் தொலைத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு எடுத்ததையும் கழித்தால் இன்னும் நான்கு மூட்டை போகும். நான்கு சுற்று இப்படி ஓடினால் ஆலை தானாகவே சுருங்கிவிடும், யாரும் பூட்ட வேண்டாம்.

எனவே இன்றே ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு சரக்கும் எத்தனை மூட்டையாக உள்ளே வந்தது, அதன் பணம் கைக்கு வந்த நாளில் அது எத்தனை மூட்டைக்குச் சமம், இவ்வளவு போதும். கடந்த இரண்டு ஆண்டுக்கும் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். அடுத்த பதின்மூன்று வாரங்களுக்கு, வாரவாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். வங்கிக் கணக்கில் இருக்கும் தொகையையும் கையில் எடுக்க முடிகிற தொகையையும் தனித்தனியாக எழுதுங்கள். ஏன் என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று திட்டங்களில் எது சரி என்பதை அந்த நோட்டைப் பார்த்த பிறகு பேசலாம்.

மோல்மீன் பெரியவர்:

தம்பி, உங்கள் மாமாவைப் பழைய காலத்து மனிதர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது என் தகப்பனாரின் ஜவுளிக்கடையும் போனது. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 நோட்டுகள். அந்த முறை மாற்றிக்கொள்ளக்கூட வழி இல்லை. என் வீட்டுப் பெட்டியில் இருந்த 75 கியாட் நோட்டுகளை வைத்து என் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் கடை விளையாட்டு விளையாடுகிறார்கள். இதையெல்லாம் கண்ட மனிதர் மூட்டையை நம்புவார், நோட்டை நம்ப மாட்டார். அது பிடிவாதம் இல்லை.

ஆனால் அவர் சொல்வதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. உளுந்தில் வண்டு விழும். மழைக்காலத்தில் தகரக் கொட்டகையில் ஈரம் ஏறும். கடன் வாங்கி வாங்கிய மூட்டையை உள்ளே வைத்தால் வட்டியும் சேர்ந்து தின்னும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் ஆலைக்காரரா, வியாபாரியா? ஒரே கொட்டகைக்குள் இரண்டு தொழில் நடக்கிறது. உளுந்தை வாங்கி விலை ஏறுமா இறங்குமா என்று காத்திருப்பது ஒன்று. சுத்தம் செய்வது மற்றொன்று. முதலாவது சூதாட்டத்துக்கு அண்ணன் தம்பி முறை. இரண்டாவதுதான் உங்களுக்குக் கைவந்த வேலை. நம் ஊர்ப் பக்கத்து அரவை மில்லில் எப்படி இருந்தது? நெல் ஊராருடையது, அரைப்பது மில்காரன் வேலை, கூலிக்கு அரிசியோ தவிடோ நிற்கும். நெல் விலை விழுந்தால் மில்காரன் தலையில் கைவைத்து உட்கார மாட்டான்.

கொட்டகையை ஏற்றுமதியாளர்களின் சரக்குக்குத் திறந்துவிடுங்கள். கூலியைக் கியாட்டில் பேசாதீர்கள், உளுந்தாகவே பேசுங்கள். உங்கள் சொந்தக் கொள்முதல், கடன் வாங்காமல் கையில் இருப்பதற்கு மட்டும் இருக்கட்டும். அதை மாமா விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும். அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் தூக்கம்.

சென்னைப் பருப்பு வியாபாரி:

சார், இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. உங்கள் விலையை ரங்கூன் பாதிதான் முடிவு செய்கிறது, மீதி தில்லியில். 2017 ஆகஸ்டில் உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து ஆண்டுக்கு மூன்று லட்சம் டன் என்று இந்தியா கட்டுப்பாடு போட்டது. அப்போது உங்கள் ஊரில் விலை விழுந்த வீழ்ச்சியை மாமனாரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். 2021 மே முதல் உளுந்து இறக்குமதி தாராளமாக இருக்கிறது. ஆனால் அதை நிரந்தரமாக்கவில்லை, அறிவிப்பு மேல் அறிவிப்பாகக் காலக்கெடுவை நீட்டி நீட்டித்தான் போகிறார்கள். ஒவ்வொரு காலக்கெடு நெருங்கும்போதும் எங்களுக்கு இங்கே வயிற்றில் புளி கரைக்கும். அந்த நேரத்தில் நிறையச் சரக்கோடு மாட்டிக்கொள்வது உங்களுக்கும் நல்லதில்லை. இன்னொன்று: பிரேசிலில் இந்தியாவுக்காகவே உளுந்து பயிரிடத் தொடங்கிவிட்டார்கள். இன்று பர்மாச் சரக்குக்குத்தான் மதிப்பு, ஆனால் வேறு கதவே இல்லை என்ற காலம் முடிந்துவிட்டது.

சார்டெக்ஸ் விஷயத்தில் மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எஸ்.கியூ. (சிறப்புத் தரம்) என்று சொல்லி வரும் சரக்கில் கல்லும் சொத்தையும் இருந்தால் இங்கே விலையில் கழித்துக்கொள்கிறோம். அந்தக் கழிவு கடைசியில் யார் தலையில் விடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். சுத்தம் சரியாக இருந்தால் நாங்களே ஆலையின் பெயரைக் கேட்டு வாங்குவோம்.

பெகு மிக்சர்க்காரி:

அண்ணா, நானும் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டுபவள்தான். முறுக்கு, மிக்சர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். சார்டெக்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இயந்திரம் சொத்தையைக் காற்றால் ஊதித் தள்ளுகிறது. காற்றுக்குக் கம்ப்ரசர் வேண்டும், கம்ப்ரசர் மின்சாரத்தைக் குடிக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் உள்ளே இருக்கும் மின்னணு அட்டைகள் போய்விடும். உங்கள் கிழட்டு ஜெனரேட்டர் இரண்டாம் நாள் படுத்துக்கொள்ளும். எனவே விலை 80,000 யுவான் இல்லை, புது ஜெனரேட்டரும் டீசலும் சேர்ந்த விலை. கடன் யுவானில், வருமானம் கியாட்டில். அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

பதினெட்டுப் பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் உங்கள் சார்டெக்ஸ். மின்சாரம் இல்லாவிட்டாலும் பகல் வெளிச்சத்தில் வேலை நடக்கும். நான் சென்ற ஆண்டு சம்பளத்தில் ஒரு பங்கை அரிசியும் எண்ணெயுமாகக் கொடுக்க ஆரம்பித்தேன். அதன் பிறகு ஒருவர்கூட வேலையை விட்டுப் போகவில்லை. மின்சாரம் வந்தால் அது எந்நேரமானாலும் அரைக்க இரண்டு பேர் ஆலையிலேயே தங்குகிறார்கள், அதற்குத் தனிக் கூலி. மூட்டை தூக்க ஆள் இல்லை என்றால் மூட்டையைச் சிறிதாக்குங்கள். ஐம்பது கிலோவுக்கு இளைஞன் வேண்டும், இருபத்தைந்தை நாற்பது வயதுக்காரர் தூக்குவார். ஏற்றுமதிக்குப் போகும்போது மட்டும் பெரிய மூட்டையாகக் கட்டினால் போதும்.

மண்டலே கடைக்காரரிடம் இப்போது பணம் கேட்காதீர்கள். கணக்கில் அந்த நாற்பது லட்சத்தை இல்லை என்றே எழுதிவிட்டு, அவருக்குக் கொஞ்சம் சரக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். எனக்கும் அங்கே இப்படி ஒருவர் இருந்தார். எட்டு மாதம் கழித்து அவராகவே தொலைபேசியில் கூப்பிட்டார்.

லைங்தாயா மருமகன்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, நோட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கர் சொன்னபடி பின்னோக்கிப் போட்டேன். புத்தகத்தில் இரண்டு ஆண்டும் இலாபம். மூட்டைக் கணக்கில், சொந்தப் பணத்துக்கு 2023 பருவத்தில் 640 மூட்டை வாங்க முடிந்திருக்கிறது. இந்தப் பருவத்தில் 455. வீட்டில் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, மாமாவிடம் நோட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. என்னைக் கிடங்கின் பின்கதவுக்கு அழைத்துப் போனார். உட்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வரிசையாகக் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டிப் போட்டது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வரிசை. கடைசி வரிசையை எண்ணினேன், 458. மூன்று மூட்டை என் பிழையா அவர் பிழையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அந்தக் கதவுக்கு வண்ணம் அடிக்கலாம் என்று போன தீபாவளிக்கு யோசனை சொன்னவன் நான்தான்.

"தெரிந்தும் ஏன் மாமா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீதான் கம்ப்யூட்டரில் இலாபம் என்றாயே" என்றார்.

இப்போதைக்கு முடிவு செய்தது இவ்வளவு. சார்டெக்ஸ் இந்த ஆண்டு இல்லை. மைத்துனன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், ஆனால் கம்ப்ரசர் செலவைத் தானே விசாரித்துவிட்டு வந்து பேச்சை நிறுத்திவிட்டான். ஏற்றுமதியாளர் இருவரிடம் கூலிக்குச் சுத்தம் செய்வது பற்றிப் பேசியிருக்கிறோம். ஒருவர் 300 மூட்டை அனுப்புவதாகச் சொல்கிறார். கியாட்டில்தான் கூலி தருவேன் என்று அடம் பிடிக்கிறார். மண்டலேக்கு இருபது மூட்டை போயிருக்கிறது. மனைவியின் வாடகைத் திட்டத்தை அவளே அடுத்த தீபாவளி வரை தள்ளி வைத்திருக்கிறாள்.

பெரியவரிடம் ஒரு கேள்வி: கூலியை உளுந்தாகக் கேட்டால் நூற்றுக்கு எத்தனை மூட்டை நியாயம்?

மோல்மீன் பெரியவர்:

உங்கள் செலவு நூற்றுக்கு ஐந்து லட்சம் என்றால் இரண்டரை மூட்டைக்கே சரியாகப் போய்விடும். நான்கு கேளுங்கள், மூன்றரைக்கு வாருங்கள், மூன்றுக்குக் கீழே இறங்காதீர்கள். உடைசலும் கழிவும் ஆலைக்கே என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். கோழித் தீவனக்காரர்கள் அதற்கு நல்ல விலை தருகிறார்கள். கியாட்டில்தான் தருவேன் என்றால், சரக்கை எடுத்துப்போகும் அன்றைய பேயின்நாவுங் விலைக்கு மூன்றரை மூட்டைப் பணம், லாரி கிளம்பும் முன் கையில்.

கதவுக்கு வண்ணம் அடிக்க வேண்டாம்.