இந்த 141க்கு என்ன பெயர்? சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

நாகர்கோவில், திங்கள் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழிப் புள்ளியியல் வகுப்புக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் கவுண்டி என்ற நிர்வாகப் பிரிவுகளின் புற்றுநோய்க் கணக்கை எப்படி ஒப்பிடுவது என்பது பாடம். நான் முட்டிக்கொண்டு நிற்பது 'ஏஜ் அட்ஜஸ்டட் இன்சிடென்ஸ் ரேட்' என்ற இடத்தில். இதுவரை 'வயது சரிசெய்யப்பட்ட நிகழ்வு விகிதம்' என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். "வயசை முதல்ல தப்பா எழுதினது யாரு டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.

கரும்பலகையில் போட்ட கணக்கையே தருகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. இரண்டு மாவட்டம், ஒவ்வொன்றிலும் லட்சம் பேர். ஆண்டுதோறும் புதிதாக நோய் வருவது 50 வயதுக்குக் கீழே லட்சத்துக்கு 30 பேருக்கு, மேலே லட்சத்துக்கு 400 பேருக்கு. இது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் முதல் மாவட்டத்தில் மூத்தவர்கள் 20 சதவீதம், இரண்டாவதில் 40. கூட்டிப் பார்த்தால் முதலாவதில் 104 நோயாளிகள், இரண்டாவதில் 178. இரண்டாவது மாவட்டத்துக்காரர்கள் பதறிப்போவார்கள். இரண்டுக்கும் ஒரே வயதுக்கலவை, அதாவது மூத்தவர் 30 சதவீதம் என்று வைத்துப் போட்டால் இரண்டிலும் 141 வருகிறது. இந்த 141க்குத்தான் பெயர் வேண்டும்.

பூதப்பாண்டி, செவ்வாய் காலை

'வயது' வடசொல். 'அகவை' இருக்க அது எதற்கு? 'நிகழ்வு' என்றால் இன்று கல்யாண மண்டப வாசலில் எழுதி வைப்பது. நோய் நிகழ்வதில்லை, உறுகிறது. 'உற்றநோய் நீக்கி உறாஅமை முற்காக்கும்' என்று 442ஆம் குறளில் வள்ளுவர் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார். உற்றது ஏற்கெனவே இருக்கும் நோய். உறுவது புதிதாக வந்து சேர்வது. டீச்சர் எண்ணுவது பின்னதை. ஆகவே 'அகவைநிகர் உறுவீதம்'. 949இல் வரும் 'உற்றான் அளவு' என்பதற்கு உரை எழுதும்போது பரிமேலழகர் நோயாளியின் பருவத்தையும் சேர்த்துக்கொள்கிறார். வயதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை.

மார்த்தாண்டம், செவ்வாய் மதியம்

ஐயா, குறள் சரி. நான் வீடு வீடாக ஏறி இறங்குகிற சுகாதாரத் துறை ஆள். 'உறுவீதம்' என்றால் உறுப்பு தானமா என்று கேட்பார்கள். 'அகவை' என்ற சொல்லை எங்கள் பக்கம் பார்ப்பது பிறந்தநாள் போஸ்டரில்தான், அதுவும் கட்சித் தலைவருக்கு.

சொல்லை விடுங்கள், எண்ணும் முறையையும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள் டீச்சர். எங்கள் பகுதியிலிருந்து பலர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். ஆஸ்பத்திரியை வைத்து எண்ணினால் அவர்கள் கேரளக் கணக்கில் போய்விடுவார்கள், நம்ம மாவட்டம் ஆரோக்கியமாகத் தெரியும். மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு நோயாளி குடியிருக்கும் ஊரை வைத்துத்தான் எண்ணுகிறது. இது விளங்காமல் வீதத்துக்குப் பெயர் வைத்து என்ன பயன்?

குளச்சல், செவ்வாய் இரவு

'நேர்வு' எப்படி? நேர்ந்தது நேர்வு. எங்கள் ஊரில் 'நேர்ச்சை' என்றால் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ நேர்ந்துகொண்டது என்பதால் முதலில் கொஞ்சம் இடறும். பழகிவிடும்.

கவுண்டியை 'மாவட்டம்' என்று போடலாமா? இன்னொரு சிக்கலும் உண்டு. லூசியானா மாநிலத்தில் கவுண்டி கிடையாது, அங்கே அதன் பெயர் பாரிஷ், மொத்தம் 64. பாரிஷ் என்றால் நமக்கு சர்ச்சின் 'பங்கு'. 'பங்குவாரியாகப் புற்றுநோய்' என்று அச்சடித்தால் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

தோவாளை, புதன் காலை

'நேர்வு'க்கு என் ஓட்டு. தாலுகா ஆபீஸில் காலம் தள்ளியவன் நான். 'மேற்படி நேர்வில்', 'இந்நேர்வில்' என்று எழுதாத கோப்பு கிடையாது. அங்கே அதற்குப் பொருள் 'கேஸ்'. இங்கேயும் எண்ணுவது கேஸைத்தானே? அப்புறம் 'விகிதம்' வேண்டாம், 'வீதம்' போடுங்கள். ஆணுக்குப் பெண் எத்தனை என்பது விகிதம். லட்சம் பேரில் ஆண்டுக்கு எத்தனை பேர் என்பது வீதம்.

பூதப்பாண்டி, புதன் மதியம்

கோப்புத் தமிழை மேற்கோள் காட்டும் நிலைக்கு வந்துவிட்டோம். 'நேர்' என்றதும் எனக்கு நேரசை நிரையசைதான் ஞாபகம் வருகிறது. நேர்தல் என்றால் நிகழ்தல் மட்டுமா? உடன்படுதல், எதிர்ப்படுதல், நேர்ந்துவிடுதல் எல்லாம் அதற்குள் வரும். இவ்வளவு பொருளைச் சுமக்கும் சொல் கலைச்சொல்லுக்கு ஆகாது. 'புற்றுநோய்' என்ற பெயரே எனக்கு உறுத்தல். மண்டைக்காட்டில் அம்மனே புற்றாகத்தான் வளர்ந்து நிற்கிறாள், வாசலில் பொங்கலிட்டுக் கும்பிடுகிறோம். அந்தச் சொல்லைக் கொண்டுபோய் இந்த நோய்க்கு வைத்திருக்கிறார்கள்.

மார்த்தாண்டம், புதன் மதியம்

ஐயா, சனிக்கிழமை.

தக்கலை, புதன் இரவு

'நேர்வு வீதம்' கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு முதல் பாதிக்கு வருகிறேன். டீச்சரின் மாணவன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். 'சரிசெய்த' என்றால் முன்னால் தப்பு இருந்தது என்றாகும். 104ம் 178ம் தப்பில்லை. எத்தனை படுக்கை வேண்டும், எத்தனை பேருக்குக் கீமோ கொடுக்க வேண்டியிருக்கும் என்று திட்டம் போடுகிறவருக்கு 178தான் தேவை, 141ஐ வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது. 'தரப்படுத்திய' என்றால் ரேஷன் அரிசி மாதிரி இருக்கிறது. 'சமன்செய்த' என்றால் இரண்டு இடத்தையும் சமமாக்கிவிட்டோம் என்று படும். உண்மையில் வயதுக்கலவையை ஒன்றாக்கிய பிறகும் வித்தியாசம் மிஞ்சினால்தான் புகையிலையா, பரிசோதனை வசதியா, வேறு என்ன என்று தேடவே ஆரம்பிக்கிறோம்.

141 எந்த ஊரிலும் யாரும் எண்ணி எடுத்த எண் கிடையாது. ஒப்பிடுவதற்கென்றே உண்டாக்கியது. அடிப்படையாக எந்த மக்கள்தொகையை வைக்கிறோமோ அதற்கேற்ப மாறும். அமெரிக்கர்கள் தங்கள் நாட்டின் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைக்கிறார்கள். நாடுகளை ஒப்பிடுகிறவர்கள் ஜப்பானியர் செகி 1960இல் வகுத்த உலக மாதிரி மக்கள்தொகையை வைக்கிறார்கள். ஆகவே பெயரில் 'ஒப்பு' இருக்க வேண்டும்: 'வயதொப்பு நேர்வு வீதம்'. எண்ணியதை எண்ணியபடியே தருவதற்கு 'மொத்த வீதம்'.

இன்னொன்று. டெக்சாஸில் 254 கவுண்டிகள். அதில் லவிங் என்ற கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தது 64 பேர். அங்கே ஓர் ஆண்டில் ஒருவருக்கு நோய் வந்தாலே லட்சத்துக்கு 1,500ஐத் தாண்டிவிடும். மறு ஆண்டு யாருக்கும் வராவிட்டால் பூஜ்யம். வயதை எப்படி ஒப்பாக்கினாலும் இந்தத் தள்ளாட்டம் போகாது. அதனால்தான் அமெரிக்கர்களுடைய கவுண்டிவாரி அட்டவணையில் ஐந்தாண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள், 16 நோயாளிகளுக்குக் குறைந்தால் வீதமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். கவுண்டியை 'மாவட்டம்' என்று எழுதினால் பிள்ளைகள் கன்னியாகுமரி மாவட்டம் அளவுக்குக் கற்பனை செய்துகொள்வார்கள். நமக்கு 2011லேயே 18 லட்சத்துக்கு மேல். 'கவுண்டி' அப்படியே இருக்கட்டும்.

மணவாளக்குறிச்சி, வியாழன்

நான் அதிகம் எழுதுவதில்லை. எங்கள் கடற்கரையில் மோனசைட் மணல், அதில் கதிர்வீச்சு வெளியிடும் தோரியம். 'வீட்டுக்கு ஒரு கேன்சர்' என்ற பேச்சு டீக்கடையில் ஓயாது. கேரளத்துக் கருநாகப்பள்ளியிலும் இதே மாதிரி மணல்தான். அங்கே சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. வயதையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்த பிறகு, இயற்கைக் கதிர்வீச்சு கூடுகிற அளவுக்குப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அந்த முடிவு எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஊர்க்கூட்டத்தில் இதை விளக்க வேண்டியவன் நான். 'வயதொப்பு' என்றால் "ரெண்டு ஊர்லயும் வயசானவங்க கணக்கு ஒண்ணா இருந்தா என்ன வரும்?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். 'அகவைநிகர்' என்றால் கூட்டம் எழுந்து போய்விடும்.

குளச்சல், வியாழன்

'வயதொப்பு' கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி இருக்கிறது மக்கா. பையனுக்கும் பெண்ணுக்கும் வயதொப்பு உண்டு, நட்சத்திரம்தான் உதைக்கிறது என்பார்கள். ஆட்சேபம் இல்லை, சொல்லி வைத்தேன்.

நாகர்கோவில், வெள்ளி இரவு

எல்லாருக்கும் நன்றி. 'வயதொப்பு நேர்வு வீதம்' என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மணவாளக்குறிச்சிக்காரர் சொன்ன வரியை எழுத்து நடையில் போட்டிருக்கிறேன். கவுண்டி, கவுண்டியாகவே இருக்கிறது. பதிவேடு குடியிருக்கும் ஊரை வைத்து எண்ணுவது தனிப் பத்தியாகச் சேர்ந்துவிட்டது.

பூதப்பாண்டி, சனி விடியற்காலை

அச்சிடுங்கள், தடுக்க மாட்டேன். 'வயதொப்பு' என்ற சொல்லில் யாரோடு ஒப்பு என்பது இல்லை. அமெரிக்காவின் 2000 மக்கள்தொகையோடா, செகியின் உலகத்தோடா? 'உறுவீத'த்துக்கும் யாரும் இன்னும் காரணம் சொல்லி மறுப்பு எழுதவில்லை. உறுப்பு தானம் என்று கேலிதான் வந்தது. மறுபதிப்பு வரும்போது இதே மடலை மறுபடியும் அனுப்புவேன்.