கச்சைகட்டிக் கருப்புக் கிடாய்: ஒன்றின் உறைவிந்து தாங்குது, இன்னொன்று தாங்கலை. பரம்பரையா?

வணக்கம் உறவுகளே. வாடிப்பட்டி பக்கம் செம்மறி வளர்க்கிறேன். பட்டியில் கச்சைகட்டிக் கருப்பு என்ற செம்மறி இனத்துப் பொலிகிடாய் இரண்டு நிற்குது. கலப்பில்லாத கிடாய் இப்போது லேசில் அமையவில்லை. அதனால்தான் விந்தை உறையவைத்துச் சேமிக்க ஆசைப்பட்டேன்.

தெரிந்த ஆய்வகத்தில் ஒரே நாளில், விந்தணுவைக் குளிரிலிருந்து காக்கும் ஒரே மஞ்சள்கரு கிளிசரால் கரைசலில் இரண்டையும் உறையவைத்தார்கள். விந்து அடைத்த உறைகுச்சியை 37 டிகிரி தண்ணீரில் உருக்கி மைக்ரோஸ்கோப்பில் காட்டினார்கள். சின்னவன் விந்தணுக்கள் மீன்குஞ்சு மாதிரி நேராக ஓடின. பெரியவனுடையவை வால் சுருண்டு கிடந்தன, ஒன்றிரண்டு மட்டும் நின்ற இடத்திலேயே துடித்தன. உறையவைக்கும் முன் இரண்டும் நல்ல ஓட்டம்தான். இத்தனைக்கும் பெரியவன் குட்டிகள்தான் பட்டியிலேயே திடமானவை. மனசு ஆறவில்லை.

காளையைவிடச் செம்மறி விந்தணுச் சவ்வில் கொலஸ்ட்ரால் விகிதம் குறைவு, குளிர் அதிர்ச்சி சீக்கிரம் தாக்கும் என்று படித்தேன். விந்துத் திரவத்திலுள்ள சில புரதங்கள் சவ்வைக் காக்குமாம்.

அனுபவமுள்ளவர்கள், கால்நடை மருத்துவர்கள் சொல்லுங்கள். அப்பன் விந்து தாங்காவிட்டால் மகன் கிடாய்க்கும் அப்படித்தானா? ஒரே தகப்பனுக்குப் பிறந்த கிடாய்களை யாராவது சோதித்ததுண்டா? விந்து எடுத்தது வைகாசியில், விந்தணு உருவாக ஏறக்குறைய 7 வாரம் ஆகும் என்பதால் சித்திரை வெயிலும் காரணமாக இருக்குமா? ஐப்பசியில் மறுபடி எடுத்துப் பார்க்கலாமா?

உறைய ஒத்துவரும் கிடாயை மட்டும் சேமித்தால் பெரியவன் வம்சம் அற்றுப்போகும். அவனுக்கு ஏழு வயசாகிவிட்டது. கிளிசரால் அளவையோ குளிரவைக்கும் வேகத்தையோ மாற்றிப் பலன் கண்டவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.