பட்டியலை உருட்டினால் ஃபிளட்டர் செயலி திக்குகிறது: இரு தளங்களுக்கும் தனித்தனியாக எழுதுவதுதான் தீர்வா?

கேள்வி

வணக்கம். களப்பணியாளர்கள் தாம் ஆய்வு செய்யும் இயந்திரங்களைப் படமெடுத்து, குறிப்புகளுடன் சேமித்து வைப்பதற்கான செயலி ஒன்றை நாங்கள் மூவர் ஃபிளட்டர் என்ற கருவித்தொகுப்பில் எழுதி வருகிறோம். ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் ஒரே நிரல்தான். எங்களிடமுள்ள புதிய கைபேசிகளில் எந்தத் தடங்கலும் இல்லை. ஆனால் 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் படப் பட்டியலை விரலால் தள்ளினால், ஒவ்வொரு முறையும் விட்டு விட்டு நகர்கிறது. சில நிமிடங்களில் செயலியே மூடிக்கொள்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இணைய இணைப்பு இல்லாத இடத்தில் சேமித்த பதிவுகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் சர்வருக்கு அனுப்பும்படி அமைத்திருக்கிறோம். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் போய்ச் சேருகின்றன; ஐஃபோனில் பல மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே கிடக்கின்றன. ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின், ஐஃபோனுக்கு ஸ்விஃப்ட் என அந்தந்தத் தளத்தின் மொழியிலேயே முதலிலிருந்து எழுதிவிடலாம் என்று குழுவில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். பத்து மாத உழைப்பைக் கைவிடுவதற்கு முன், அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1

மாற்றி எழுதும் முடிவைச் சற்றுத் தள்ளிவையுங்கள். அந்தப் பழைய கைபேசியில் நீங்கள் ஓட்டிப் பார்த்தது பிழை தேடுவதற்கான டீபக் மோடா, வேகத்தை அளப்பதற்கான ப்ரொஃபைல் மோடா? டீபக் மோடில் டார்ட் (ஃபிளட்டரின் மொழி) நிரல் ஓடும்போதே இயந்திர மொழிக்குத் தொகுக்கப்படுவதாலும், கூடுதல் சரிபார்ப்புகள் நடப்பதாலும், அங்கே தெரியும் வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ப்ரொஃபைல் மோடில், அதே கைபேசியில், டெவ்டூல்ஸ் என்ற அளவீட்டுக் கருவியைத் திறந்து பாருங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி, அதைத் தாண்டுவது திரையின் அமைப்பைக் கணக்கிடும் யூஐ த்ரெட்டா, அதை வரையும் ராஸ்டர் த்ரெட்டா என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடமே மாறிவிடும். ஷேடர் (வரைகலைச் சில்லுக்கான சிறு நிரல்) தொகுப்பால் வரும் திக்கல் பொதுவாக முதல் முறை மட்டுமே தலைகாட்டும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் வருவதால் அதைக் காரணமாகக் கொள்ள வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் என் ஐயம் முழுவதும் படங்களின் மீதுதான். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் கோப்பாக இருக்கும்போது 3 எம்பி அளவில் இருக்கலாம். ஆனால் திரையில் காட்ட அதை விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் தேவை. 4000 × 3000 × 4 என்று பெருக்கினால் 4 கோடியே 80 லட்சம் பைட், அதாவது சுமார் 48 எம்பி. பட்டியலில் விரல் நகம் அளவுக்குத் தெரியும் சிறு படத்துக்கும் இதே விலைதான், ஏனெனில் சுருக்கித் தரும்படி நீங்கள் சொல்லவில்லை. திரையில் எட்டுப் படங்கள் தெரிந்தால் 384 எம்பி போய்விடும். ஃபிளட்டரின் படத் தற்காலிகச் சேமிப்புக்கு இயல்பான வரம்பு 100 எம்பி என்பதால், அதில் இத்தகைய படங்கள் இரண்டுதான் தங்கும். மேலே திரும்பி உருட்டினால் பார்த்த படத்தையே மறுபடி விரிக்க வேண்டியிருக்கும். விரிக்கும் வேலை வேறு த்ரெட்டில் நடந்தாலும், நினைவகம் நெருக்கடிக்கு உள்ளாகும்போது எல்லாமே தடுமாறும். இறுதியில் ஆண்ட்ராய்டு உங்கள் செயலியை மூடிவிடும்.

தீர்வு ஒரே வரிதான். படத்தைக் காட்டும் விட்ஜெட்டில் (திரைக்கூறில்), எந்த அகலத்துக்குச் சுருக்கி விரிப்பது என்று சொல்லும் ‘கேஷ்விட்த்’ மதிப்பைக் கொடுங்கள். 100 அலகு அகலமுள்ள கட்டத்துக்கு, அடர்த்தி 3 (ஓர் அலகுக்கு 3 பிக்சல்) கொண்ட திரையில் 300 பிக்சல் போதும். அப்போது ஒரு படம் 300 × 225 × 4, அதாவது 2,70,000 பைட்டில் அடங்கிவிடும். பட்டியலை, தேவைப்படும் வரிகளை மட்டும் அவ்வப்போது உருவாக்கும் ‘லிஸ்ட்வியூ பில்டர்’ கொண்டுதான் கட்டியிருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. நேட்டிவ் ஆண்ட்ராய்டில், அதாவது தளத்தின் மொழியிலேயே எழுதும்போது, கிளைட், காயில் போன்ற நூலகங்கள் காட்டும் இடத்தின் அளவுக்குத் தாமாகவே படத்தைச் சுருக்கிவிடுகின்றன. ஆனால் அந்த நூலகங்கள் இல்லாமல் கோட்லினில் எழுதினாலும் இதே 48 எம்பி உங்களைப் பின்தொடரும்.

பதில் 2

பின்னணி அனுப்பலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இது ஃபிளட்டரின் குறையன்று. ஸ்விஃப்டில் எழுதினாலும் இதே சுவரில்தான் முட்டுவீர்கள். ஆண்ட்ராய்டில் பின்னணிப் பணிகளை ஓட்டும் ஒர்க்மேனேஜரில் மீண்டும் மீண்டும் ஓடும் பணிக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். கைபேசி சும்மா இருக்கும்போது மின்கலத்தைச் சேமிக்கும் டோஸ் நிலை அதையும் தள்ளிப்போடக்கூடும். ஐஓஎஸ் 13 முதல் இதே வேலைக்கு உள்ள பிஜிடாஸ்க்ஷெட்யூலரில் நீங்கள் கொடுக்கும் நேரத்துக்கு ‘இதற்கு முன் வேண்டாம்’ என்பது மட்டுமே பொருள். எப்போது ஓட்டுவது என்பதைப் பயனர் அந்தச் செயலியை எவ்வளவு திறக்கிறார் என்பது உட்படப் பலவற்றைப் பார்த்து இயங்குதளமே முடிவு செய்கிறது. ஓட்டினாலும் சிறு புதுப்பிப்புப் பணிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 30 வினாடிகள்தான். பயனர் செயலியை மேலே தள்ளி மூடிவிட்டால், அவரே மீண்டும் திறக்கும் வரை அது ஓடாது.

எனவே நேரக் கணக்கை நம்பாத வடிவமைப்பு தேவை. செயலி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேங்கியவற்றை அனுப்புங்கள். படங்களை, ஐஓஎஸ்ஸின் இணையப் பரிமாற்ற வசதியான யூஆர்எல்செஷனின் பின்னணி வகையிடம் கோப்பாக ஒப்படைத்தால், செயலி உறங்கிய பின்னும் இயங்குதளமே அனுப்பி முடிக்கும். இதற்குச் சிறிதளவு ஸ்விஃப்ட் எழுதி, ஃபிளட்டரையும் தளத்தின் நிரலையும் இணைக்கும் பிளாட்ஃபார்ம் சேனல் வழியாக அழைத்தால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிவிடுங்கள். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்து அதே பதிவு இரண்டாம் முறை அனுப்பப்பட்டாலும், சர்வர் அதை ஒன்றாகவே கொள்ளும்.

பதில் 3

மேலே உள்ள இருவரோடும் உடன்படுகிறேன். ஆனால் தனித்தனியாக எழுதுவது எப்போதுமே வீண் என்று கொள்ள வேண்டாம். உங்களை உண்மையில் கட்டிப்போடுவது பிறர் எழுதிய பிளக்இன்கள், அதாவது செயலியில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்தான். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்ட செயலிகள் 16 கேபி நினைவகப் பக்கங்களுக்கு (இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்துத் தரும் அலகுகளுக்கு) ஒத்துப்போக வேண்டும் என்று கூகுள் பிளே 2025 நவம்பர் 1 முதல் விதித்தபோது, சி++ நூலகம் பொதிந்த பழைய பிளக்இன் ஒன்று பராமரிப்பாளர் இல்லாமல் நின்றதால் நாங்கள் மூன்று வாரம் அல்லாடினோம். உங்கள் பிளக்இன் பட்டியலை இப்போதே எடுத்து, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். பிற்காலத்தில் திரைகளை நேட்டிவ்வாக எழுதி, தரவு அடுக்கை மட்டும் பகிர நினைத்தால், ஒரே கோட்லின் நிரலை இரு தளங்களிலும் பகிர உதவும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரிலிருந்தே நிலையான பதிப்பாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ப்ரொஃபைல் மோடில் பார்த்தோம். பட்டியலைத் தள்ளத் தள்ள நினைவகக் கோடு ஏறிக்கொண்டே போனது. ‘கேஷ்விட்த்’ கொடுத்த பின் அதே கைபேசியில் செயலி மூடிக்கொள்வது நின்றுவிட்டது. ஐஃபோன் வைத்திருக்கும் பணியாளர்களிடம் விசாரித்தோம்: வேலை முடிந்ததும் செயலியை மேலே தள்ளி மூடுவதைப் பலர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஆகவே, அனுப்பப்படாத பதிவுகளின் எண்ணிக்கையை முதல் திரையிலேயே காட்டுவதென்றும், செயலி திறந்தவுடன் அனுப்பலைத் தொடங்குவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். பட்டியலில் இரண்டு பிளக்இன்கள் ஈராண்டுகளாகப் புதுப்பிக்கப்படாதவை. அவற்றுக்கு மாற்றுத் தேடும் பணியை, கோட்லினுக்கு மாறச் சொன்ன நண்பரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.